இலைக்கு 240 ரூபா கேட்டரிங்: சாப்பாடு பிரமாதம், பரிமாறுன பசங்க விஷயம்தான் உறுத்துது

தங்கச்சி கல்யாணம் முடிஞ்சு மூணு மாசம் ஆச்சு. "கேட்டரிங் யாருக்கு குடுத்தீங்க, நம்பர் அனுப்புங்க"ன்னு இதுவரைக்கும் பதினஞ்சு பேராச்சும் கேட்டுட்டாங்க, ஒவ்வொருத்தருக்கா போன்ல சொல்லி வாய் வலிக்குது, அதான் ஒரே தடவையா எழுதிப் போட்டுடலாம்னு உக்காந்தேன். ஆனா பேரு போடல. நம்பரும் தர மாட்டேன். காசு வாங்கிட்டு எழுதுறேன்னு நெனைக்காதீங்க, காசு நான்தான் குடுத்தேன், அதுவும் நெறைய குடுத்தேன். முழுசா படிச்சா ஏன்னு தெரிஞ்சிரும்.

மண்டபம் மதுரை பைபாஸ் ரோடு பக்கம். ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ரிசப்ஷன், திங்கக்கிழமை காலைல முகூர்த்தம், தை மாசம். சமையலுக்கு ரெண்டு வழி இருக்குன்னு கல்யாணம் பண்ணி வச்சவங்களுக்கு தெரியும். மளிகை, காய்கறி எல்லாம் நாமளே எடுத்துக் குடுத்து சமையல்காரருக்கு கூலி மட்டும் பேசுறது ஒண்ணு, மொத்தமா இலைக்கு இவ்ளோன்னு ரேட் பேசிவிட்டு கைய கழுவிக்கிறது இன்னொண்ணு. சித்தப்பா மொத வழியில பண்ணா லட்ச ரூபா மிச்சமாகும்னு ஒத்தக்கால்ல நின்னாரு, சரி சித்தப்பா, நெய் டின்னுக்கும் முந்திரிக்கும் ஸ்டோர் ரூம் வாசல்ல ராத்திரி பூரா யாரு காவல் இருக்குறதுன்னு கேட்டேன், அமைதியாயிட்டாரு. இலை ரேட்டுக்கே போனோம். நைட்டு டின்னர் 240, காலை டிபன் 130, மத்தியானம் சாப்பாடு 210. டின்னருக்கு மொத சொன்னது 260, நாங்க பேசிப் பேசி 20 கொறச்சோம். இந்த 20 ரூபாய ஞாபகம் வச்சுக்கோங்க, கடைசில வரும். பரிமாற 24 பேர், மூணு வேளைக்கும் சேத்து ஆளுக்கு 1200, அது தனி.

சாப்பாட்ட பத்தி சொல்லிடுறேன். நைட்டு ஜிகர்தண்டா கவுண்டர்தான் ஹிட்டு, பால நல்லா சுண்ட காய்ச்சி, பாதாம் பிசின் ஊறவச்சது கொழகொழன்னு நிக்குது, நன்னாரி அளவா, மேல ஒரு ஸ்கூப் ஐஸ்கிரீம், மாப்பிள்ளை வீட்டுக்காரங்க கோயம்புத்தூர், அவங்கள்ல ஒருத்தர் நாலு டம்ளர் குடிச்சத நானே எண்ணுனேன். இடியாப்பம் தேங்காப்பால் சூப்பர். பன்னீர் மட்டும் ரப்பர் மாதிரி, அழிரப்பர் தோத்துரும். வெஜ் பிரியாணி சுமார்தான், கிராம்பு தூக்கல். காலைல வெண்பொங்கல்தான் என்னைப் பொறுத்தவரைக்கும் உச்சம், பொங்கல் போட்ட பத்து நிமிஷத்துல இறுகிக் கட்டியாவுறதுதான் எல்லா கல்யாணத்துலயும் நடக்கும், இங்க எட்டு மணி பந்திலயும் இலைல தளதளன்னு விழுந்துச்சு, மிளகு முழுசு முழுசா, நெய் வாசம். காபி தண்ணி. மத்தியானம் வத்தக்குழம்பு, சேப்பங்கிழங்கு வறுவல், பால் பாயசம் மூணும் பத்துக்கு பத்து. எங்க பெரியப்பா லேசுல எதையும் நல்லாருக்குன்னு சொல்லிட மாட்டாரு, அவரே வத்தக்குழம்ப ரெண்டாந்தடவை கேட்டு வாங்குனாரு.

பரிமாறுனத பத்தி தனியா சொல்லணும், ஏன்னா பந்தில பரிமாறுறதுதான் பாதி சாப்பாடு. நுனி இலை இடது கைப்பக்கம் வர்ற மாதிரி போடுறதே இப்ப நெறைய பேருக்கு தெரியல, இந்தப் பசங்க ஒரு இலை கூட மாத்திப் போடல. வாளியும் கரண்டியும் வச்சுக்கிட்டு பின்னாடியே ஓடி ஓடி கேக்குறாங்க. எங்க அப்பத்தாவுக்கு சுகர், நைட்டு ஸ்வீட் வைக்க வந்த ஒரு பையன்ட்ட வேணாம்யான்னு கைய நீட்டி தடுத்துச்சு. மறுநாள் காலைல அதே பையன் கேசரி வாளியோட வர்றான், அப்பத்தா இலைய பாத்ததும் தாண்டிப் போறான், ரெண்டு இலை தள்ளிப் போயி திரும்பிப் பாத்து "பாட்டி உங்களுக்கு இன்னொரு வடை கொண்டாரவா"ங்குறான். அத்தனை பேர் சாப்பிட்ட எடத்துல ஒரு கெழவி மொகத்த ஞாபகம் வச்சுருக்கான். அப்பத்தா இப்ப வரைக்கும் கல்யாணத்த பத்தி பேசுனா மாப்பிள்ளைய விட அந்தப் பையனத்தான் அதிகமா பேசுது.

அந்தப் பையன வச்சுத்தான் இந்த ரிவ்யூ.

ஞாயித்துக்கிழமை நைட்டு கடைசி பந்தி எந்திரிக்க பதினொண்ணு ஆயிருச்சு. இலைக்கணக்கு பாக்கணும்ல, இலை ரேட்ல இதுதான் முக்கியம், எத்தனை இலை விழுந்துச்சோ அத்தனைக்கு காசு, பாக்காம விட்டா அம்பது அறுவது இலை கூட சேத்து எழுதிருவாங்கன்னு ஆளாளுக்கு பயமுறுத்தி வச்சிருந்தாங்க. டைனிங் ஹாலுக்கு இறங்கிப் போனேன். பசங்க அப்பதான் சாப்பிட உக்காந்திருக்காங்க. அவன் மட்டும் ஒரு டிஸ்யூ டப்பா அட்டைய கிழிச்சு பின்பக்கம் பேனாவால கோடு போட்டு வச்சிருந்தத கூட்டிக்கிட்டு இருந்தான், நாலு கோடு நின்னமானிக்க, அஞ்சாவது குறுக்க. பந்தி வாரியா தனித்தனியா. சூப்பர்வைசர் இவன்ட்டதான் கணக்க குடுத்துருக்காரு, ஏன்னா இவன் கம்ப்யூட்டர் மேத்ஸ் குரூப்பாம்.

காலேஜா தம்பின்னு கேட்டேன். இல்லண்ணே ப்ளஸ் ஒன்னுன்னான். வயசு 16. உசிலம்பட்டி பக்கம் ஒரு ஊர், வேன்ல அள்ளிப் போட்டு கொண்டாந்துருக்காங்க, 24 பேர்ல 9 பேர் ஸ்கூல் பசங்க. நாளைக்கு திங்கக்கிழமையாச்சேப்பா, ஸ்கூலுன்னேன். "அம்மாவுக்கு காய்ச்சல்னு லீவு லெட்டர் எழுதிக் குடுத்துட்டேண்ணே, வெள்ளிக்கிழமையே". வெள்ளிக்கிழமையே தெரியுது அம்மாவுக்கு திங்கக்கிழம காய்ச்சல் வரும்னு, கிளாஸ் டீச்சரும் வாங்கி வச்சுக்கிட்டாங்க போல.

வீட்ல கஷ்டமாப்பான்னு கேட்டேன், நான் ஏதோ ஒரு சோகக் கதைக்கு ரெடியா இருந்தேன்னு நெனைக்கிறேன். "அதெல்லாம் இல்லண்ணே, போன் டிஸ்ப்ளே போயிருச்சு, 2400 கேக்குறான், அப்பாட்ட சொன்னா போனையே புடுங்கிருவாரு". அவ்ளோதான். நாலு கல்யாணம் பண்ணா டிஸ்ப்ளே மாத்திருவானாம், இது மூணாவது. ஆளுக்கு 1200 நாங்க குடுத்ததுல அவன் கைக்கு 700. மூணு வேளை கல்யாண சாப்பாடு வேற கெடைக்குதேண்ணேன்னு சிரிக்கிறான். சந்தோஷமாத்தான் இருந்தான், அத மறைச்சு எழுத நான் விரும்பல.

பன்னெண்டரைக்கு மேல டைனிங் டேபிள் மேலேயே பேப்பர் ரோல விரிச்சு படுத்தாங்க. நாலேகால் மணிக்கு இட்லி மாவு அண்டா உருட்டுற சத்தத்துல நான் எந்திரிச்சு வந்தப்ப அவன் தலைல தொப்பிய மாட்டிக்கிட்டு வாட்டர் பாட்டில் அடுக்குறான்.

மத்தியானம் பந்தில ரசம் ஊத்தும்போது கை சாஞ்சு பெரியப்பா பட்டு வேட்டில ஊத்திருச்சு. கொதிக்கிற ரசம் இல்ல, ஆறுன ரசம்தான், ஆனாலும் பெரியப்பா டேய்னு ஒரு சத்தம் போட்டாரு பாருங்க, நாதஸ்வரமே நின்னுருச்சு. கான்ட்ராக்டர் ஓடியாந்து பையன நாலு பேர் முன்னாடி திட்டிட்டு எங்கள பாத்து "மன்னிச்சுக்கோங்க சார், கூலில 100 புடிச்சுர்றேன்"னாரு. எங்கள சமாதானப்படுத்தத்தான் அப்படி சொன்னாரு. நான் மாப்பிள்ளை வீட்டாளுங்களுக்கு தாம்பூலப் பை குடுத்துக்கிட்டு நின்னேன், பத்தடி தூரம். விடுங்கண்ணே சின்னப் பையன்னு ஒரு வார்த்தை சொல்லிருக்கலாம், சொல்லல. நாலு மணி நேரம் கூட தூங்காதவன் கை சாயத்தான் செய்யும்னு அன்னைக்கு நைட்டு மொய் எழுதுன நோட்ட எண்ணும்போதுதான் ஒறைச்சுது. கெளம்பும்போது புடிச்சது போக 600தான் வாங்கிட்டுப் போனான்னு பாத்திரம் கழுவுற அக்கா சொல்லிச்சு.

இலைக்கணக்கு? பில்லும் அவன் அட்டையும் ஒண்ணுக்கொண்ணு அச்சா பொருந்துச்சு, ஒத்த இலை கூட வித்தியாசம் இல்ல. அப்ப கான்ட்ராக்டர் திருடன் இல்ல. அதான் எனக்கு சிக்கலே, மோசமான ஆளா இருந்தா பேரப் போட்டு ஒரு ஸ்டார் குடுத்துட்டு போயிருப்பேன்.

இப்ப நான் ஒண்ணும் பசங்க வேலைக்கே போகக்கூடாதுன்னு சொல்ற ஆள் கெடையாது. நானே ப்ளஸ் டூ படிக்கும்போது ஒரு ஜெராக்ஸ் கடைல இருந்தேன், 2003, சாயங்காலம் அஞ்சுலருந்து எட்டு, மாசம் 600. சாதிச் சான்றிதழ், ரேஷன் கார்டு, ஹால் டிக்கெட் இதெல்லாம் ஜெராக்ஸ் போட வர்றவங்கள்ட்ட பேசிப் பழகித்தான் எனக்கு வாயே வந்துச்சு, அதுக்கு முன்னாடி யாராச்சும் பேரு கேட்டாலே தரைய பாப்பேன். பரீட்சை நேரத்துல பசங்க மினி ஜெராக்ஸ் போட வருவானுங்க, தீப்பெட்டி சைஸுக்கு பிட்டு, என் கிளாஸ் பசங்களுக்கே நான் போட்டுக் குடுத்துருக்கேன், வாத்தியார் புடிச்சப்ப எந்தக் கடைன்னு ஒரு பய காட்டிக் குடுக்கல. ஆனா அந்தக் கடைக்காரர் ஒரு விஷயம் பண்ணாரு. பிப்ரவரி மாசம் பொறந்ததும் இனிமே பரீட்சை முடியிற வரைக்கும் கடைப் பக்கம் வராத, வந்தா கால ஒடைப்பேன்னு வெரட்டி விட்டாரு, ஏப்ரல்ல போனா எடம் அப்படியே இருந்துச்சு. எட்டு மணிக்கு மேல ஒரு நாள் கூட நிக்க விட்டதில்ல. அதனாலதான் அந்த வேலைய நான் இன்னைக்கு சிரிச்சுக்கிட்டே சொல்றேன்.

கல்யாண வேலைல அந்த மாதிரி விடவே முடியாது, அதான் பிரச்சனையே. யோசிச்சுப் பாருங்க. ஸ்கூல் அரையாண்டு லீவு டிசம்பர் கடைசில, அது மார்கழி, கல்யாணமே கெடையாது. காலாண்டு லீவு செப்டம்பர் கடைசில விடுவாங்க, அது புரட்டாசி, நம்ம பக்கம் பாதி பேர் கல்யாணம் வைக்க மாட்டாங்க. தை பொறந்தா முகூர்த்தம் வரிசை கட்டி நிக்கும், அப்பதான் ரிவிஷன் டெஸ்ட்டு, பிராக்டிகல், அடுத்து மார்ச்சுல பப்ளிக். ஆவணில கல்யாணம் குமியும், அப்ப காலாண்டு பரீட்சை வந்து நிக்கும். சித்திரையும் வைகாசியும்தான் கொஞ்சம் லீவோட ஒத்துப் போகுது. பஞ்சாங்கமும் ஸ்கூல் காலண்டரும் இதுக்குன்னே எதுரெதுரா போட்ட மாதிரி இருக்கு. லீவுல வேலைக்குப் போறான், சம்பாதிக்கிறான், நல்லதுதானன்னு சொல்ற பேச்சு இந்த வேலைக்கு பெருசா ஒட்டாது.

கல்யாணத்தப்பவே இத பேச்சுவாக்குல சொன்னதுக்கு எங்க மச்சான் ஒருத்தர், லண்டன்ல இருக்காரு, "அங்க எல்லாப் புள்ளைங்களும் வேலைக்குப் போகுது மாப்ள, 13 வயசுல என் பையன் காலைல பேப்பர் போடுறான், அதான் அவனுங்க முன்னேறுறானுங்க"ன்னு ஆரம்பிச்சாரு. சரி மச்சான், உங்க பையன் எத்தனை மணிக்கு போறான்னு கேட்டேன். ஏழு மணிக்கு முன்னாடி விட மாட்டாங்களாம், சாயங்காலம் ஏழுக்கு மேல கூடாதாம், ஸ்கூல் நாள்ல ரெண்டு மணி நேரத்துக்கு மேல கூடாது, ஸ்கூல் நடக்குற வாரத்துல மொத்தமே 12 மணி நேரம்தான், கவுன்சில்ல பர்மிட் வேற வாங்கணுமாம். இத சொல்லச் சொல்ல அவருக்கே கொரல் எறங்கிருச்சு. அங்க வேலைக்குப் போறாங்கன்றது நெசம், ஆனா எந்த நேரத்துல போறாங்கன்றத நாம சொல்றதே இல்ல.

நம்ம ஊர்லயும் சட்டம் இல்லாம இல்ல. சொந்தத்துல ஒரு பொண்ணு வக்கீலா இருக்கு, அதுட்ட கேட்டேன். 1986ல வந்த குழந்தைத் தொழிலாளர் சட்டம், 2016ல திருத்துனாங்க. 14 வயசுக்கு கீழ இருந்தா வேலைக்கே வைக்கக்கூடாது, ஸ்கூல் விட்டு வந்து சொந்த வீட்டுத் தொழில்ல கூடமாட ஒத்தாசை பண்றது மாதிரி ஒண்ணு ரெண்டு விலக்குதான். 14லருந்து 18 வரைக்கும் ஆபத்தான வேலை கூடாது, மத்த வேலைக்கு வைக்கலாம். இத கேட்டதும் அப்பாடா நம்ம தப்பிச்சோம்னு நெனைச்சேன். அது அடுத்து சொன்னுச்சு பாருங்க. தொடர்ந்து மூணு மணி நேரம்தான், அப்புறம் ஒரு மணி நேரம் ரெஸ்ட்டு. ரெஸ்ட்டு, காத்திருக்குற நேரம் எல்லாம் சேத்து ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம்தான். ஓவர்டைம் கூடாது. வாரத்துல ஒரு நாள் லீவு. ராத்திரி ஏழு மணிலருந்து காலைல எட்டு மணி வரைக்கும் வேலை வாங்கவே கூடாது.

ஏழுலருந்து எட்டு. ரிசப்ஷன் டின்னர் மொத பந்தியே ஏழரைக்குத்தான் போட்டோம். காலை டிபன் ஆறு மணிக்கு. கல்யாண கேட்டரிங்ல சட்டப்படி அந்தப் பையன் முழுசா பரிமாறியிருக்கலாம்னா அது மத்தியானம் சாப்பாடு ஒண்ணுதான், அன்னைக்கு திங்கக்கிழமை, அந்நேரம் அவன் கிளாஸ்ல இருந்திருக்கணும். ஆக மொத்தம் எங்க மண்டபத்துல அவன் பரிமாறுறதுக்கு நியாயமான வேளைன்னு ஒண்ணு கூட இல்ல.

இதுல இன்னொண்ணு மனசுல வந்து போச்சு. காலைல புள்ளைங்க வெறும் வயித்தோட ஸ்கூல்ல உக்காரக்கூடாதுன்னு காலை உணவுத் திட்டத்த 2022 செப்டம்பர்ல எங்க மதுரை சிம்மக்கல்லதான் ஆரம்பிச்சாங்க. அதே ஊர்ல ஒருத்தன் ஊருக்கெல்லாம் பொங்கல் போட்டுட்டு ஒன்பதரைக்கு ரெண்டு இட்லி சாப்பிட்டான்.

சரின்னு ஒரு வாரம் கழிச்சு கான்ட்ராக்டருக்கு போன் போட்டேன். சண்டை போடல, சும்மா பேசுனேன். மனுஷன் ஒளிக்கல. "சார், பெரிய ஆளுங்க 1000 ரூபாய்க்கு கொறைஞ்சு வரமாட்டாங்க, வந்தாலும் பந்தி நடுவுல டீ குடிக்கப் போயிருவாங்க. காலேஜ் பசங்க போன நோண்டிக்கிட்டு நிப்பாங்க. ஸ்கூல் பசங்கதான் அண்ணேன்னு சொன்னதும் ஓடுவானுங்க. நான் வேணாம்னா அடுத்த ஆள்ட்ட போவான், அவன் 500தான் குடுப்பான்." இது வரைக்கும் நான் பதில் வச்சிருந்தேன். அடுத்து சொன்னாரு, "நீங்களும்தான் சார் இலைக்கு 20 கொறைச்சீங்க. அத நான் நெய்ல கொறைச்சிருந்தா இப்ப போன் பண்ணி இவ்ளோ மரியாதையா பேசிருப்பீங்களா?" அதுக்கு என்ட்ட பதில் இல்ல. 340 இலை டின்னர், 20 ரூபான்னா 6800. அந்த 9 பசங்களுக்கு பதிலா பெரிய ஆள் போட்டிருந்தா அவருக்கு ஆளுக்கு 300 கூட ஆயிருக்கும், 2700. நாங்க கொறைச்சதுல பாதி கூட இல்ல.

அதனாலதான் பேரு போடல. போட்டா அவருக்கு நாலு ஆர்டர் கொறையும், மொத வேலையா அந்தப் பசங்கள நிறுத்திட்டு "உங்களாலதான்டா"ம்பாரு, அவன் 500 குடுக்குற ஆள்ட்ட போவான். புகார் பண்ணணும்னா குழந்தைங்களுக்கான ஹெல்ப்லைன் 1098 இருக்கு, அது எனக்கும் தெரியும், 14 வயசுக்கு கொறைஞ்ச ஒரு பையன பாத்திருந்தா அன்னைக்கே அடிச்சிருப்பேன். இவனுக்கு அடிக்கலாமா வேணாமான்னு போன கைல வச்சுக்கிட்டு யோசிச்சேன், அடிக்கல, சரியா தப்பான்னு இன்னும் எனக்கு தெளிவில்ல.

ஸ்டார் போடணும்னா சாப்பாடு நாலரை, பன்னீருக்கும் காபிக்கும் அரை போச்சு. பில் நேர்மை அஞ்சு. பரிமாறுனது அஞ்சுக்கு அஞ்சுன்னு எழுதி, அழிச்சு, திரும்ப எழுதி, இப்ப வெறுமனே விட்டுட்டேன்.

நீங்க யாருக்கு ஆர்டர் குடுத்தாலும் மெனு பேசுற அன்னைக்கே பரிமாற வர்றவங்க 18 ஆனவங்களான்னு கேட்டுருங்க, பன்னீரா காளானான்னு ரெண்டு மணி நேரம் பேசுறோம், இத கேக்க ஒரு நிமிஷம். பசங்க மொத பந்திக்கு முன்னாடியே சாப்பிடணும்னு சொல்லுங்க, சொன்னா செய்றாங்க, நாங்க சொல்லல. படுக்க ஒரு ரூம் தெறந்து விடுங்க, எங்க மண்டபத்துல ரெண்டு ரூம் சும்மாதான் பூட்டிக் கெடந்துச்சு, சாவி என் பாக்கெட்ல. டிப்ஸ் குடுக்கணும்னு நெனச்சா சூப்பர்வைசர்ட்ட மொத்தமா குடுக்காதீங்க, ஒவ்வொருத்தன் கைலயும் குடுங்க.

அந்தப் பையன் நம்பர் வாங்கி வச்சிருந்தேன், புடிச்ச நூறு ரூபாய ஜிபே பண்ணலாம்னு. டிஸ்ப்ளே போன போன்ல எங்கருந்து எடுக்குறது, பத்து நாள் கழிச்சு அவனே கூப்பிட்டான், டிஸ்ப்ளே மாத்திட்டேண்ணேன்னு. அனுப்புனேன். இனிமே போவியாடான்னேன். "தெரியலண்ணே, காலேஜ் போய்ட்டா கவர்மென்ட்ல மாசம் ஆயிரம் தருவாங்கல்ல, அது வர்ற வரைக்கும்தான்". அரசுப் பள்ளில படிச்ச பசங்களுக்கு 2024லருந்து குடுக்குறாங்களே, அத சொல்றான். அதுக்கு இன்னும் ஒரு வருஷத்துக்கு மேல இருக்கு.

அடுத்த மாசம் அக்காவுக்கு வளைகாப்பு, மத்தியானம் மட்டும்தான், 150 இலை. அதே கான்ட்ராக்டர்ட்டதான் கேட்டேன், பெரிய ஆளுங்கதான் பரிமாறணும்னு சொன்னேன். இலைக்கு 15 ரூபா கூட ஆகும்னாரு. மாமா அதெல்லாம் வேணாம் பேசிக் கொறைன்றாரு. நான் இன்னும் பேசல.